டிஸ்ட்ராக்‌ஷன் காகாவும் எங்கப்பாவின் கம்பும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். கிளப் பேரு என்ன, காகா பேரு என்னன்னு யாரும் போன் பண்ணிக் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். புனேயில் இருக்கிற ஒரு கேமரா கிளப், அவ்வளவுதான். நீங்க இருக்கிற ஊர்லயும் ஒரு கிளப் இருக்கும், அதுல இதே காகா வேற பேர்ல இருப்பார். (மராத்தியில் காகான்னா சித்தப்பா. நம்ம ஊர் ஆளுங்க முதல் தடவை கேட்டா சிரிப்போம். 2006-ல பொட்டி தட்ட இந்த ஊருக்கு வந்தப்போ நானும் சிரிச்சேன். இப்ப பழகிடுச்சு.)

விஷயம் இதுதான். போன மாசம் கிளப்போட மாதாந்திரப் போட்டிக்கு என் பொண்ணு ஒரு படம் அனுப்பினா. பத்தாவது படிக்கிறா. எங்க அடுக்குமாடி மொட்டைமாடியில் ஆச்சி கூழ் வத்தல் பிழியற படம். ஏப்ரல் மாசத்துப் புனே வெயில், தாத்தாவோட பழைய வேட்டியை விரிச்சு, நாலு மூலைக்கு ஒரு செங்கல், ஒரு குக்கர் மூடி, என்னோட தூசி படிஞ்ச டம்பெல்ஸ் ரெண்டு. பின்னாடி கறுப்பு சின்டெக்ஸ் டேங்க் மூணு, டிஷ் ஆன்டெனா ஒரு அஞ்சாறு. இங்க காக்காயை விட புறாத் தொல்லை ஜாஸ்தி, அதனால கயித்துல பழைய சிடி எல்லாம் கட்டித் தொங்க விட்டிருக்காங்க ஆச்சி. அத்தனையும் 2000-கள்ல நான் விடிய விடிய எழுதி வெச்ச பேக்கப் சிடி. அதுவாவது உபயோகப்படுதே!

படம் திரையில் வந்துச்சு. பத்து செகண்ட். காகா கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு ஆரம்பிச்சார். "எமோஷன் இருக்கு. ஆனா டிஸ்ட்ராக்‌ஷன் ரொம்ப. டேங்க்கை எடுத்துடணும். ஆன்டெனா, சிடி, அந்த நீல பக்கெட், எல்லாத்தையும் எடுத்துடணும். கையை மட்டும் கிராப் பண்ணி, பேக்ரவுண்டை டார்க் பண்ணி, பிளாக் அண்ட் ஒயிட்ல போட்டா நேஷனல் சலூன்ல போகும்."

பத்துக்கு நாலு மார்க்.

வீட்டுக்கு வர்ற வழியில் பைக்ல பின்னாடி உக்காந்துக்கிட்டு பொண்ணு கேட்டா: "அப்பா, டேங்க்கை எடுத்துட்டா இது எங்க எடுத்ததுன்னு எப்படிப்பா தெரியும்?"

நான் பதில் சொல்லல. சொல்ற தகுதி எனக்கு இல்ல. ஏன்னு கடைசியில் சொல்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் திட்டிக்கறேன்.

போட்டிக்குப் படம் தயார் பண்றதுன்னா என்ன? நியாயமாப் பார்த்தா அது அரை மணி நேர வேலை. எங்க கிளப் விதி: அகலம் 1920 பிக்சலுக்கு மிகாம, உயரம் 1080-க்கு மிகாம, 2 எம்பிக்குள்ள ஜேபெக், எஸ்ஆர்ஜிபி, பேர் படத்துல எங்கயும் இருக்கக்கூடாது. சரி. இதுக்கு மேல ஒண்ணு எழுதியிருப்பாங்க பாருங்க: "300 டிபிஐ கட்டாயம்". இந்த ஒரு வரிக்காக என் பக்கத்து சீட் நண்பர் படத்தைத் திருப்பி அனுப்பினாங்க. அது 72 டிபிஐயாம்.

அய்யா சாமிகளா, ப்ரொஜெக்டருக்கு டிபிஐயே கிடையாது. அது பேப்பர்ல அச்சடிக்கும்போது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளின்னு சொல்ற கணக்கு. ஃபைலுக்குள்ள அது வெறும் ஒரு சீட்டு. 1620-க்கு 1080 பிக்சல் படத்துல 72-ன்னு எழுதினாலும் 300-ன்னு எழுதினாலும் 3000-ன்னு எழுதினாலும் திரையில் ஒரே படம்தான். இந்த விதியால நடக்கிற கூத்து என்னன்னா, புதுசா வர்றவங்க ஃபோட்டோஷாப்ல ரீசாம்பிள் டிக்கை எடுக்காம 72-ஐ 300 ஆக்குவாங்க. பிக்சல் ரெண்டு பக்கமும் நாலு மடங்குக்கு மேல ஊதிடும், உடனே 2 எம்பி தாண்டிடும், அதுக்காக ஜேபெக் தரத்தைக் குறைப்பாங்க, வானம் முழுக்கக் கட்டம் கட்டமா வரும். அதுக்கு காகா "டெக்னிக்கல் குவாலிட்டி போர்"னு ரெண்டு மார்க் குறைப்பார். விதி போட்டதே அவர்தான்.

இன்னொரு அநியாயம், நின்ன வாக்குல எடுத்த படங்களுக்கு. 3-க்கு 2 விகிதத்துல படுக்கை வாக்குப் படம்னா 1620-க்கு 1080. அதையே நிமிர்த்தினா 720-க்கு 1080. கணக்குப் போட்டுப் பாருங்க, முதலாவதுல சுமார் பதினேழரை லட்சம் பிக்சல், ரெண்டாவதுல எட்டு லட்சத்துக்கும் கீழ. பாதி கூட இல்ல. கோபுரம் எடுத்தவன், பனைமரம் எடுத்தவன், உக்காந்திருக்கிற மனுசனை எடுத்தவன் எல்லாம் திரையில் தபால்தலை சைஸுக்கு நிக்கணும். "இம்பாக்ட் இல்ல"ன்னு சொல்லிடுவாங்க.

வண்ணம் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா இது நிஜமாவே உபயோகமான சமாசாரம், இதை மட்டும் யாரும் சொல்லித் தர மாட்டாங்க. எஸ்ஆர்ஜிபி 1996-ல ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சாதாரண மானிட்டர்களுக்காகச் சேர்ந்து கொண்டு வந்தது. அடோபி ஆர்ஜிபி 1998-ல வந்தது, அதுல பச்சை பக்கம் நிறம் ஜாஸ்தி அடங்கும். கேமராவை அடோபியில் வெச்சு எடுத்துட்டு அப்படியே அனுப்பினா, கிளப் லேப்டாப்ல இருக்கிற சாஃப்ட்வேர் அந்த ப்ரொஃபைலைக் கண்டுக்காது. படம் மூணு நாள் காய்ச்சல்ல கிடந்தவன் மாதிரி வெளிறிப் போய் வரும். மாத்தும்போது "கன்வர்ட் டு ப்ரொஃபைல்" பண்ணணும். "அசைன்" பண்ணினா லேபிள் மட்டும்தான் மாறும், நிறம் கெட்டுடும். ஜெஜூரி கண்டோபா கோயில்ல மஞ்சப்பொடி வீசற படத்தை இங்க எல்லாரும் எடுப்பாங்க. அந்த மஞ்சளை அடோபியில் இருந்து கொண்டு வரும்போது சிவப்பு சேனல் 255-ல முட்டி நின்னுடும், பொடி எல்லாம் போஸ்டர் கலர் அடிச்ச மாதிரி திட்டாயிடும். சாச்சுரேஷனைக் கொஞ்சம் குறைச்சுட்டு மாத்துங்க. ஷார்ப்பன் பண்றது அளவைக் குறைச்சதுக்கு அப்புறம்தான், முன்னாடி இல்ல. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு லேப்டாப் வெளிச்சத்தை முழுசா வெச்சு எடிட் பண்ணாதீங்க. உங்களுக்கு ஜோரா இருக்கும், ட்யூப்லைட் எரியற ஹால்ல ப்ரொஜெக்டர்ல போட்டா கருங்கும்னு கிடக்கும்.

அவ்வளவுதாங்க தயாரிப்பு. அளவு, நிறம், கூர்மை, பேர். இதுக்கு யார் மேலயும் எனக்குக் கோபம் இல்ல, அந்த டிபிஐ தவிர.

கோபம் அந்த "எடுத்துடணும்" மேலதான்.

விதிப்படி அவர் சொன்னது தப்பில்லன்னு எனக்கும் தெரியும். ஓபன் பிரிவுல உன் சொந்தப் படமா இருந்தா என்ன வேணா பண்ணலாம். நேச்சர் பிரிவுலதான் எதையும் சேர்க்கவோ நீக்கவோ இடம் மாத்தவோ கூடாது. கிராப் பண்ணலாம், சென்சார் தூசியையும் நாய்ஸையும் எடுக்கலாம். டிராவல் பிரிவுல இன்னும் கறார்: போட்டோ எடுக்கறதுக்குன்னே ஏற்பாடு பண்ணின நிகழ்ச்சி, கூலி கொடுத்து நிக்க வெச்ச ஆள், ரெண்டும் ஆகாதுன்னு பிஎஸ்ஏவும் ஃபியாப்பும் எழுதியே வெச்சிருக்கு. எழுதி வெச்சு? ஒவ்வொரு ஆஷாடத்துக்கும் ஞானேஸ்வரர் பல்லக்கு ஆளந்தியில் இருந்து கிளம்பி புனே வழியா திவே காட் மலைப்பாதை ஏறும்போது போய்ப் பாருங்க. பண்டரிபுரம் வரைக்கும் நடக்கிற கிழவரை நிறுத்தி, "பாபா, இன்னொரு தடவை தாளம் போட்டுக் குதிங்க"ன்னு எட்டு கேமரா சுத்தி நிக்கும். பீக்வான்ல படகுக்காரர் தீனியை வீசி கடற்காக்காய்களைக் கூப்பிடுவார், நாம "டிகிசிவ் மொமென்ட்"னு தலைப்பு வெப்போம். அதுக்கெல்லாம் மார்க் எட்டரை, ஒன்பது.

இதெல்லாம் நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தற காட்டுயிர்ப் போட்டியில் 2009-ல முதல் பரிசு வாங்கின ஓநாய்ப் படத்தை, அது பழக்கப்படுத்தின ஓநாயா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தின்னு சொல்லி 2010 ஜனவரியில் தகுதி நீக்கம் பண்ணினாங்க. 2015 வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் கடைசிக்கு முந்தின சுற்றுல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு படங்களைத் தூக்கினாங்க, காரணம் சேர்த்ததும் நீக்கினதும். 2023-ல போரிஸ் எல்டாக்சன்னு ஒரு ஜெர்மன்காரர் செயற்கை நுண்ணறிவுல செஞ்ச படத்தை அனுப்பி, சோனி வேர்ல்ட் ஃபோட்டோகிராஃபி அவார்ட்ஸ்ல பரிசு அறிவிச்சதும் வேணாம்னு சொல்லிட்டார். ஆனா இவங்க எல்லாம் பெரிய இடம், விதியை மீறினவங்க. எங்க கிளப்ல யாரும் விதியை மீறவே இல்ல. ரசனையையே அப்படி வளர்த்துட்டாங்க. அதுதான் எனக்கு பயமா இருக்கு. மனுசன் எங்க வாழறானோ அந்த இடத்தோட தடயம் எல்லாம் அழுக்கு, துடைச்சுட்டா படம். பின்னாடி கறுப்பு, முன்னாடி சுருக்கம் விழுந்த முகம், பக்கவாட்டுல இருந்து ஒரு வெளிச்சம். ராஜஸ்தான் கிழவரும் மதுரைக் கிழவரும் ஒரே இருட்டுல உக்காந்திருப்பாங்க.

இதை ஒரு தடவை காகாகிட்டயே சொன்னேன். மனுசன் படிச்சவர், சும்மா விடல. "ஆன்செல் ஆடம்ஸே பண்ணியிருக்கார்"னார். உண்மைதான். 1944-ல லோன் பைன்ல எடுத்த குளிர்கால விடியல் படத்துல, மலைச்சரிவுல பள்ளிக்கூடப் பசங்க வெள்ளைக் கல்லால எழுதியிருந்த ஊர் இனிஷியலை ஆடம்ஸ் அழிச்சுட்டார். ஆனா அழிச்சேன்னு தன் புத்தகத்துலயே எழுதினார், திட்டு வாங்கினதையும் சேர்த்து. எங்க கிளப்ல அப்படி ஒருத்தர் "இதுல ஒரு டேங்க் இருந்துச்சு"ன்னு சொல்லி நான் கேட்டதில்ல. காகாவோட அடுத்த வாதம் இன்னும் கெட்டி: "ஃப்ரேம் வெக்கும்போதே நீ பாதி உலகத்தை வெளிய தள்ளிடறே, அப்புறம் எடுத்தா மட்டும் என்ன பாவம்?" இதுக்கு அன்னிக்கு எனக்குப் பதில் வரல. இப்பவும் முழுசா இல்ல. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. டேங்க் தெரியாம இருக்கணும்னா நான் நகரணும், குனியணும், காத்திருக்கணும், இல்லைன்னா தோத்துப் போகணும். எங்க அம்மா எங்க உக்காந்திருக்காங்கன்னு அப்பவாவது எனக்கு உறைக்கும். ஜெனரேட்டிவ் ஃபில்ல ஒரு வட்டம் போட்டா அந்த நினைப்பே வர வேணாம்.

சரி, என் கதைக்கு வர்றேன். கொசுவத்தி சுத்தறேன்னு நினைச்சாலும் பரவாயில்ல.

2018. அப்பாவும் அம்மாவும் அம்பாசமுத்திரத்துல இருந்து புனே வந்து எங்களோட இருக்க ஆரம்பிச்சு ஒரு வருசம். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆகியிருந்துச்சு, கம்பு இல்லாம நடக்க முடியாது. ஊர்ல இருந்து கொண்டு வந்த பழைய கம்பு, பிடியில் சைக்கிள் ட்யூப் சுத்தியிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் பால்கனி நாற்காலியில் உக்காந்து, கம்பு மேல ரெண்டு கையையும் வெச்சு, அதுமேல தாடையை ஊனிக்கிட்டு, கீழ ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தார். எடுத்தேன். நல்லா வந்துச்சு. நின்ன வாக்குப் படம், 24 மெகாபிக்சல். கார்டுல இடம் பத்தலன்னு அப்பல்லாம் ரா எடுக்கறதில்ல, வெறும் ஜேபெக்.

போட்டிக்கு முன்னாடி காகாகிட்ட காட்டினேன். கம்பு முகத்துக்குக் குறுக்க வருது, எடுத்துடுன்னார். கையையும் கிராப் பண்ணிட்டா ஜன்னல்ல சாஞ்சிருக்கிற மாதிரி ஆயிடும்னார். ராத்திரி ரெண்டு மணி வரை க்ளோன் ஸ்டாம்பை வெச்சுக்கிட்டு எங்கப்பா தாடைக்குக் கீழ தோலை இழைச்சேன். க்ரில் கம்பியை எடுத்தேன், காயப்போட்ட துண்டை எடுத்தேன். 720-க்கு 1080 ஆக்கினேன். கன்ட்ரோல் எஸ் அடிச்சேன்.

கவனிச்சீங்களா? சேவ் ஆஸ் இல்ல. சேவ். மறுநாள் ஜெஜூரி போறதுக்காக கார்டை ஃபார்மேட் வேற பண்ணியாச்சு.

படத்துக்கு முதல் பரிசு. கிளப்பில் பிரிண்ட் போட்டு மாட்டினாங்க, சின்னதா ஒண்ணு கையிலயும் கொடுத்தாங்க. அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எலே, என் கம்பை எங்கல?"ன்னார். எடுத்துட்டேன்பா, அது குறுக்க வந்துச்சுன்னேன். "அது இல்லைன்னா நான் விழுந்துருவேன்லா"ன்னு சிரிச்சுட்டு, பிரிண்ட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு டிவி பார்க்கப் போயிட்டார். கோபமெல்லாம் இல்ல. நானும் அன்னிக்கு சிரிச்சேன்.

2021 ஜனவரியில் அப்பா போயிட்டார். ஊருக்குக் கொண்டு போக முடியல, இங்கயே முடிச்சோம். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேணும். அம்மா சொன்னது, "பால்கனியில் கம்பை ஊனிக்கிட்டு இருப்பாகளே, அதைப் போடு. அவுக அப்படித்தான் இருப்பாக." ஸ்டூடியோக்காரர் 12-க்கு 18 சைஸ் கேட்டார். என்கிட்ட இருந்தது 720-க்கு 1080. அங்குலத்துக்கு 60 புள்ளி. ஒரிஜினல் இருந்திருந்தா 300 புள்ளிக்கு மேல கணக்கா நின்னிருக்கும். ஹார்ட் டிஸ்க், மெயில், தங்கமணி போன், மச்சினன் போன், எல்லாம் தேடினேன். கார்டை ரெக்கவரி சாஃப்ட்வேர்ல போட்டுப் பார்த்தேன், ஜெஜூரி மஞ்சள்தான் வந்துச்சு. எல்லா இடத்துலயும் கம்பு இல்லாத அப்பாதான்.

கடைசியில் ஓட்டர் ஐடி படத்தைப் பெரிசு பண்ணி மாலை போட்டோம். அம்மா ஒண்ணும் சொல்லல. கம்பு மட்டும் இன்னும் பூஜை ரூம் மூலையில் சாய்ச்சு வெச்சிருக்காங்க.

இதுக்கு காகாவைத் திட்டி என்ன புண்ணியம்னு கேப்பீங்க. கன்ட்ரோல் எஸ் அடிச்சது என் விரல்தான், அதை ஒத்துக்கறேன். ஆனா கம்பு குறுக்க வருதுன்னு எனக்குத் தோணினதே இல்லையே. படத்தை எடுக்கும்போது கம்புக்காகத்தான் எடுத்தேன். நாலு வருசம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உக்காந்து கேட்டுக் கேட்டு என் கண்ணுக்கே அது டிஸ்ட்ராக்‌ஷனா மாறிடுச்சு. அதே நாற்காலியில் இப்ப என் பொண்ணு உக்காந்து கேக்கறா. ஊர்ல இருக்கிறவனுக்கு இது பெரிய விஷயம் இல்லாம இருக்கலாம். அவன் வீடு அங்கயே இருக்கு, திண்ணை இருக்கு, போய்ப் பார்த்துக்கலாம். மூணு வருசத்துக்கு ஒரு வாடகை வீடு மாறின நமக்கு அந்த டேங்க்கும் ஆன்டெனாவும் க்ரில் கம்பியும்தான் விலாசம்.

இந்த மாசம் கிளப்ல சப்ஜெக்ட் "கைகள்". பொண்ணு அதே படத்தைத் திரும்ப அனுப்பறேங்கறா, டேங்க், சிடி, டம்பெல்ஸ் எல்லாத்தோடயும். வேற படம் அனுப்பும்மான்னு சொல்லிப் பார்த்தேன், கேக்கல. நேத்து ராத்திரி உக்காந்து அளவு குறைச்சோம். 1620-க்கு 1080, எஸ்ஆர்ஜிபி, 1.7 எம்பி. டிபிஐ கட்டத்துல 300-ன்னு போட்டோம், வேற வழி? ஒரிஜினலை ரா ஃபைலோட ரெண்டு டிஸ்க்ல போட்டு, ஒண்ணை ஆபீஸ் டிராயர்ல வெச்சுட்டேன். சனிக்கிழமை கடைசி தேதி. காகாவும் ஜட்ஜ் பேனல்ல இருக்காராம்.